சாப்பிடலாம் என்றால் தொடலாமா?

அன்னாசி மிட்டாயின் வாசனை எல்லோருக்கும் பிடிக்கும். நாள்பட்ட வெண்ணெயின் காறல் வாடை யாருக்கும் பிடிக்காது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே அமிலம் என்றால் நம்புவீர்களா? பெயர் ப்யூட்டிரிக் அமிலம். லத்தீனில் வெண்ணெய்க்கு 'ப்யூட்டிரம்' என்று பெயர், அதிலிருந்து வந்தது. ஆனால் எசன்ஸ் கம்பெனிகளுக்காக யாரும் வெண்ணெய் கடைவதில்லை. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் ப்ரொப்பிலீனை ப்யூட்டிரால்டிஹைடு ஆக்கி, அதை ஆக்சிஜனேற்றம் செய்தால் அமிலம் தயார். அதோடு எத்தில் ஆல்கஹாலைச் சேர்த்தால் எத்தில் ப்யூட்டிரேட், அதாவது அன்னாசி வாசனை!

சரி, இதில் சண்டை எங்கே வருகிறது? "சாப்பாட்டில் போடுகிற சாமான்தானே, மேலே பட்டால் என்ன ஆகிவிடும்?" என்கிறார்களே, அந்தப் பேச்சோடுதான் என் சண்டை.

வினிகரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அசிட்டிக் அமிலம் நூற்றுக்கு நாலு, ஐந்து பங்குதான். ஊறுகாயில் ஊற்றிச் சாப்பிடுகிறோம். அதே அமிலம் சுத்தமாக இருந்தால் தோலைப் பொசுக்கிவிடும். ப்யூட்டிரிக் அமிலமும் அப்படித்தான். தின்பண்டத்தில் பத்து லட்சத்தில் சில பங்கு, மிஞ்சினால் சில பத்துப் பங்கு. டிரம்மில் இருப்பதோ ஏறக்குறைய முழு அமிலம். லாரியில் ஏற்றும்போது அதற்கு ஐ.நா. எண் 2820, வகுப்பு 8. அதாவது அரிக்கும் பொருள். கையின் மேலும் உலோகத்தின் மேலும் ஏதோ சொட்டுவது போல ஒரு படம் ஒட்டியிருக்குமே, அதுதான். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். சுமார் 72 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் அதன் ஆவி தீப்பிடிக்கும்.

"நாற்றமே காட்டிக் கொடுத்துவிடுமே" என்பார்கள் சிலர். வாந்தி வாடை அடிக்கும் பொருள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூக்கு பழகிவிடும், கொஞ்ச நேரத்தில் வாடையே தெரியாது. நல்ல வாசனை இன்னும் மோசம். வெண்ணெய் மணம் தருவதில் இந்த அமிலத்தின் பங்காளி டைஅசிட்டைல். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ஒரே மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்த 8 பேருக்கு நுரையீரலின் சிறு மூச்சுக்குழல்கள் அடைபடும் நோய் வந்தது தெரியவந்தது. பாப்கார்னைத் தின்றதால் அல்ல, வெண்ணெய் வாசனையின் ஆவியை நாள் முழுக்கச் சுவாசித்ததால்! தின்பவருக்குக் கெடுதல் இல்லை என்று சொன்ன சான்று, கிளறுபவரின் நுரையீரலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

சுங்குவார்சத்திரத்தில் செல்போனும் டிவியும்தானே செய்கிறார்கள், எசன்ஸ் அமிலத்துக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. ரசாயன லாரிகளும் அதில்தான் போகின்றன. அதை விடுங்கள். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகளுக்குள் வரும் தின்னர், பெயின்ட், அமிலம், துடைக்கும் திரவம் எல்லாவற்றுக்கும் இதே மாதிரி பாதுகாப்புத் தாள் உண்டு. பக்கம் பக்கமாக ஆங்கிலம். மூடியைத் திறப்பவர் காஞ்சிபுரத்துக்காரர், ஒடிசாக்காரர், பீகார்க்காரர். யாருக்காக எழுதினார்கள் அந்தத் தாளை?

1989-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 9, அபாயகரமான சரக்கு ஓட்டுபவருக்கு ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. ஓட்டுநர் ஆங்கிலத்தைத் தேடிப் போக வேண்டுமா, தாள் ஓட்டுநரின் மொழிக்கு வர வேண்டுமா?

"தமிழில் அதற்கெல்லாம் வார்த்தை இல்லை" என்கிற சாக்கு மட்டும் வேண்டாம். இதோ:

- கண்ணை முழுக்க மூடும் கண்ணாடியும் ப்யூட்டைல் ரப்பர் கையுறையும் போடவும். காற்றோட்டம் வேண்டும்.
- கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து, குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போகவும்.
- மேலே பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு நிறையத் தண்ணீரில் கழுவவும்.
- விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
- கொட்டினால் உலர்ந்த மணலைப் போடவும். சாக்கடையில் விடக் கூடாது. பக்கத்தில் நெருப்பு கூடாது.

ஐந்தே வரி. இதில் எந்த வார்த்தை கிடைக்கவில்லை? இதையே இந்தியிலும் ஒடியாவிலும் எழுத எத்தனை ரூபாய் ஆகும்?

1984-இல் போபால் நடந்தது. அதன் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, அபாயங்களைத் தொழிலாளிக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்றார்கள். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது. தகவல் கேட்கும் உரிமை அதிலும் இருக்கிறது. ஆனால் புரியாத மொழியில் சொன்னது சொன்னதே ஆகாது.

எனவே ஷிப்டுக்குப் போகும் அண்ணன்களே, அக்காக்களே, நாளைக்கு உங்கள் கையில் வரும் டிரம்மின் தாளைக் கேட்டு வாங்குங்கள். புரியவில்லை என்றால் "புரிகிற மாதிரி எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, சலுகை இல்லை.