நாலு வரி எழுதுங்க பாஸ்!

கிடார் வாங்கியாச்சு. நாலு கார்டு பிடிக்கத் தெரியும். ஹாஸ்டல் மொட்டை மாடியில் நாலு பேர் உட்கார்ந்து கேட்கவும் ரெடி. ஆனா, 'சொந்தமா ஒரு பாட்டு பாடு மச்சி'ன்னு சொன்னா மட்டும் திருதிருன்னு முழிக்கிறீங்க. எதைப் பத்தி எழுதறது, ட்யூனுக்கு எங்கே போறது? அதானே பிரச்னை?

வாங்க, எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடின ஒருத்தரைப் பார்த்துட்டு வருவோம். மைக் கிடையாது, ஸ்டுடியோ கிடையாது. பேரு கோபாலகிருஷ்ண பாரதியார். நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் பிறந்தவர். 1896-ல் மறைந்தார். நம்ம சேத்தியாத்தோப்பு, நெய்வேலி பசங்க காலையில் பஸ் ஏறி காலேஜுக்குப் போறாங்களே சிதம்பரம், அந்த ஊரைப் பார்த்தே ஆகணும்னு தவிச்ச ஒரு கூலியாளின் கதையைத்தான் அவர் பாட்டா பாடினார். அதுதான் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'.

கதை அவருடையது இல்லை. 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்னது. அங்கே நந்தனார் கதை நாற்பது பாடல்கூட இருக்காது. பிறந்த சாதியால் கோயிலுக்குள் நுழைய முடியாத ஒருவர், 'நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்' என்று ஏங்கிக்கொண்டே இருப்பார். பண்ணையார் என்று யாரும் அதில் கிடையாது.

அப்போ அந்தப் பண்ணையார் எங்கேர்ந்து வந்தார்? காவிரிக் கரையிலிருந்து! பாரதியார் வளர்ந்தது தஞ்சை வயல்களுக்கு நடுவில். நிலம் ஒருத்தருக்கு, உழைப்பு இன்னொருத்தருக்கு என்பதைத் தினமும் பார்த்த ஊர். அதைத் தூக்கி அப்படியே கதைக்குள் வைத்தார். நந்தன் லீவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தில் வேலையை முடிச்சுட்டுப் போ என்கிறார் பண்ணையார். ஒரு வேலி என்பது ஆறு ஏக்கருக்கும் மேலே. கணக்குப் போட்டுப் பாருங்க, தலை சுத்தும். இன்னொரு விஷயம்: அந்தப் பண்ணையார் ஒரு பிராமணர். எழுதினவரும் பிராமணர்தான். தன் பக்கத்தையே பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறார் மனுஷன்!

ட்யூனுக்கு என்ன செய்தார்? கச்சேரி ராகங்கள் அவருக்கு அத்துப்படி. ஆனாலும் நொண்டிச் சிந்து போல தெருவில் ஆடிப் பாடின மெட்டுகளையும் கூச்சப்படாமல் எடுத்துக்கொண்டார். மெட்டு ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரியும், வார்த்தைதான் புதுசு. அதனால் கேட்டவுடன் ஒட்டிக்கொண்டது.

'காப்பி அடிச்சா சொந்தப் பாட்டாகுமா?'ன்னு நீங்க கேட்கலாம். அமெரிக்காவில் பாப் டிலன் 1962-ல் கிடாரும் மவுத் ஆர்கனுமாக 'ப்ளோயிங் இன் தி விண்ட்' பாடினாரே, அதன் மெட்டு கறுப்பின அடிமைகள் பாடிய பழைய பாட்டிலிருந்து வந்தது என்று 1978-ல் அவரே சொன்னார். 2016-ல் அவருக்கு இலக்கிய நோபலே கிடைத்தது. பழைய மெட்டை எடுக்கிறது தப்பில்லை. எங்கிருந்து எடுத்தோம்னு சொல்லாம மறைக்கிறதுதான் தப்பு.

பாரதியாருக்கும் விமர்சகர்கள் இருந்தாங்க. பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நூலுக்குப் பாயிரம் கேட்டுப் போனார். பேச்சுத் தமிழ், இலக்கணப் பிழை என்று பிள்ளைக்கு மனசில்லை. நம்மாளு விடாமல் நடந்தார். ஒருநாள் காத்திருந்த நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து தன் பாட்டைத் தானே பாட, உள்ளே இருந்த பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் கொடுத்தார். இதைச் சொல்லியிருப்பவர் பிள்ளையின் மாணவர் உ.வே.சா. காகிதத்தில் தோற்ற பாட்டு, குரலில் ஜெயித்தது! 1860-களின் தொடக்கத்தில் நூல் அச்சாக உதவியவர், காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி.

பின்னாடி சினிமாவுக்கும் போனது. 1935-ல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942-ல் எம்.எம்.தண்டபாணி தேசிகர். இந்த தேசிகர்தான் பிறகு நம்ம அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவராக இருந்தவர்.

எல்லாம் சரி, ஒரு உறுத்தல் இருக்கு. கடைசியில் நெருப்பில் இறங்கி எழுந்த பிறகுதான் நந்தனுக்குக் கோயில் கதவு திறக்கிறது. அது ஏன் என்று இன்றைக்குப் பலர் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேணும். பாரதியார் சேக்கிழார் கதைக்குள் தன் காலத்தைக் கொண்டுவந்தார். அடுத்த கேள்வியைச் சேர்ப்பது நம்ம வேலை.

இப்போ உங்க ஊருக்கு வாங்க. வீராணம் ஏரி பக்கத்தில் இருக்கு. அதன் தண்ணி 2004-லிருந்து குழாயில் சென்னைக்குப் போகுது. கரும்பு டிராக்டர்கள் சர்க்கரை ஆலை வாசலில் வரிசை கட்டுது. 2023 ஜூலையில், சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலுக்குள்ளேயே கால்வாய் வெட்ட என்.எல்.சி.யின் மண் தோண்டும் இயந்திரங்கள் இறங்கின. சுரங்கத்தில் வேலை பார்க்கும் அப்பாவும் நம்ம ஃப்ரெண்டோட அப்பாதான். நிலம் போன அப்பாவும் நம்ம ஃப்ரெண்டோட அப்பாதான். ரெண்டு பேரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்தா என்ன பேசுவாங்க? அதுக்கு உங்க கிளாஸில் யாராவது நாலு வரி எழுதினீங்களா?

இந்த வாரம் இதைச் செய்யுங்க. பாட்டியிடம் ஒரு நடவுப் பாட்டோ தாலாட்டோ கேட்டு வாங்குங்க. மெட்டு ரெடி. உங்க தெருவில் உங்களைத் தூங்கவிடாத ஒரு விஷயத்தை, நீங்க பேசுற தமிழிலேயே நாலு வரியா அதில் உட்கார வைங்க. மூணு பேர் முன்னாடி பாடுங்க. அவங்க செல்போனை எடுத்து நோண்ட ஆரம்பிச்சா மறுபடி எழுதுங்க. அஞ்சாவது வரிக்காகக் காத்திருந்தா, உங்ககிட்ட ஒரு பாட்டு இருக்குன்னு அர்த்தம்.

கார்டெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் பாஸ்!