குதிரைக்கும் சேற்றுப்புண் வரும்

இங்கிலாந்தில் வார இறுதியில் குதிரை லாயங்களுக்கு உதவிக்குப் போகிறவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். மாரிகாலத்தில் சேற்று வயலிலிருந்து குதிரை உள்ளே வந்ததும் பல இடங்களில் உங்கள் கையில் தருவது தண்ணீர்க் குழாயைத்தான். நமக்கும் அது சரியென்றே படும். "காலைக் கழுவிப்போட்டு உள்ளே வா" என்று கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? ஆனால் குதிரைக்கு இந்தத் தினசரிக் கழுவல் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது என்பது என் கருத்து.

ஆங்கிலத்தில் இந்த நோயை 'மட் ஃபீவர்' என்பார்கள். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. குளம்புக்குச் சற்று மேலே, காலின் பின்பக்கத்தில் தோல் சிவந்து, வெடித்து, நீர் கசிந்து, பொருக்குக் கட்டும். வயலில் நின்று வேலை செய்தவர்களுக்கு விரலிடுக்கில் வருவதைச் சேற்றுப்புண் என்கிறோமே, அந்தச் சொல் இதற்கும் நன்றாகப் பொருந்தும். ஒரு வித்தியாசம்: மனிதருக்கு வருவது பெரும்பாலும் பூஞ்சையால். குதிரைக்கு அடிக்கடி காரணமாவது டெர்மடோபிலஸ் கொங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியா.

நல்ல தோலுக்குள் அது எளிதில் நுழையாது. நாள் முழுக்க ஈரத்தில் ஊறி மென்மையான தோலை மண்ணும் மணலும் உராய்ந்தால்தான் அதற்கு வழி கிடைக்கிறது. அப்படியானால் மாலையில் குழாயைப் பிடித்து மறுபடி நனைப்பதும், முரட்டுத் தூரிகையால் தேய்ப்பதும், ஈரத்தோடு இரவு முழுக்க விடுவதும் யாருக்கு உதவி? சேற்றைக் காயவிட்டு, பிறகு மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். கழுவியே ஆகவேண்டுமென்றால் துவாயால் ஒற்றி, முழுக்கக் காயவையுங்கள். ஷயர், கிளைட்ஸ்டேல், கொப் போன்ற காலில் நீண்ட முடியுள்ள குதிரைகளுக்கு ஈரம் உள்ளேயே தங்கும். அவற்றுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

புண் வந்துவிட்டால் முதல் வேலை குதிரையைச் சேற்றிலிருந்து எடுத்து உலர்ந்த இடத்தில் விடுவது. காய்ந்த பொருக்கைப் பிய்க்காதீர்கள்; அது கடுமையாக வலிக்கும், புண்ணும் பெரிதாகும். நீர்த்த குளோர்ஹெக்சிடின் கரைசலால் நனைத்துச் சுமார் 10 நிமிடம் விட்டால் பொருக்கு இளகும். தானாகக் கழன்று வருவதை மட்டும் எடுத்து, அலசி, காயவையுங்கள். கையுறை போடுங்கள், இந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றலாம். கால் வீங்கினால், சூடாக இருந்தால், குதிரை நொண்டினால் மிருக வைத்தியரைக் கூப்பிடவேண்டும். புண் ஆறாமலே இழுத்தாலும் அப்படித்தான், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் சேறு காரணமல்ல. முடி நிறைந்த கால்களில் உண்ணிப் பூச்சி இருக்கலாம். வெள்ளைக் கால்களில் வெயில் ஒவ்வாமையாகவும் இருக்கலாம்.

கடைகளில் அடுக்கிவைத்திருக்கும் தடுப்புக் களிம்புகளைப் பற்றியும் சொல்லவேண்டும். சுத்தமான, உலர்ந்த, புண்ணில்லாத தோலில் பூசினால் பயன் உண்டு. ஈரத்தின்மேல் பூசினால் கிருமியை உள்ளே வைத்து மூடுவதுபோலத்தான். உண்மையான தடுப்பு வயலில் இருக்கிறது. வாசலிலும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் கல் போட்டு இறுக்குவது, வயலைப் பிரித்து மாற்றி மாற்றி விடுவது, உலர்புல் போடும் இடத்தை அடிக்கடி மாற்றுவது. இதற்குச் செலவும் உழைப்பும் அதிகம். அதனால்தான் பலரும் களிம்போடு நின்றுவிடுகிறார்கள். விலையைக் குதிரையின் கால் கொடுக்கிறது.

இன்னொன்று. காலைத் தொட்டதும் உதைக்கிற, காலைத் தூக்க மறுக்கிற குதிரையைக் 'குழப்படிக்காரன்' என்று திட்டுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். திட்டுவதற்கு முன் முடியை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வேலை செய்பவர்களில் நீங்கள்தான் வயதில் குறைந்தவராக இருக்கலாம். பரவாயில்லை. தினமும் அந்தக் காலுக்குப் பக்கத்தில் குனிகிறவர் நீங்கள்தான். முதலில் கண்ணில் படப்போவதும் உங்களுக்குத்தான். கண்டால் சொல்லுங்கள்.