தேருநர் இடாப்பும் தெரியாத பிரதிநிதியும்

வாக்குரிமை வாக்களிப்பு நாளன்று பிறப்பதன்று. புள்ளடியிடும் அந்த ஒரு கணத்திற்குப் பல மாதங்கள் முன்னரே, கிராம அலுவலரின் மேசையிலுள்ள ஒரு படிவத்தில் அது பிறக்கின்றது. அங்கு பிறவாத வாக்கு வேறெங்கும் பிறப்பதில்லை. ஆயினும் ஈழத்துத் தமிழர் அரசியலைப் பற்றி எழுதப்படுவனவும் பேசப்படுவனவும் பெரும்பாலும் மேடையையும் வேட்பாளரையும் கொள்கைப் பிரகடனத்தையும் சுற்றியே அமைகின்றன. தேருநர் இடாப்பைப் பற்றிப் பேசுவோர் அரியர். அதனைச் சென்று பார்ப்போர் அவரினும் அரியர். சமஷ்டியா, மாகாண சபையா என்று விடியும்வரை விடுதியில் வாதிடும் பல்கலைக்கழக மாணவனிடம், அவனது பெயர் எந்த வாக்கெடுப்பு நிலையத்தின் இடாப்பில் உள்ளது என்று வினவினால் மௌனமே விடையாகின்றது. இம்மௌனத்தைச் சிறு கவனக்குறைவு என்று மன்னித்துவிடுதல் எளிது. ஆயின் அதன் விலையைச் செலுத்துவது அவனது ஊரே.

விசுவமடுவை எடுத்துக்கொள்ளலாம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 வீதி தருமபுரத்தைக் கடந்து விசுவமடுவை அடைகின்றது. இரண்டும் அடுத்தடுத்த ஊர்கள். ஒரே மண், ஒரே பயிர், ஒரே துயர். ஆனால் தருமபுரம் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் உள்ளூராட்சி மன்றம் கரைச்சிப் பிரதேச சபை. பாராளுமன்றத் தேர்தலில் அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துள் அடங்கும். விசுவமடு முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தது. புதுக்குடியிருப்புப் பிரதேச சபைக்கு உட்பட்டது. வவுனியா, மன்னார் மாவட்டங்களோடு சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிப்பது. வீதியில் எவர் கண்ணுக்கும் தெரியாத இக்கோடு, இடாப்பிலே மதிலாக நிற்கின்றது. மதிலின் இப்புறத்தவன் அப்புறத்து உறுப்பினரிடம் மனுக் கொடுத்துக் காத்திருப்பதும், அவர் கையை விரித்ததும் அரசியல்வாதிகள் அனைவரையும் ஒருங்கே வைவதும் அறியாமையின் விளைவுகளே.

"யார் வந்தாலும் கமக்காரன் மண்வெட்டியைத் தூக்கத்தானே வேண்டும்?" என்ற வாதம் இங்கு முதலில் எழும். இதைவிடப் பொய்யான வாதம் விசுவமடு மண்ணில் வேறொன்று இருத்தல் அரிது. படித்த வாலிபர்களைக் காட்டுநிலத்தில் குடியேற்றிய திட்டங்களால் வளர்ந்த ஊர்களுள் அது ஒன்று. அந்நிலத்தை வழங்கியது அரசின் ஒரு முடிவு. 1970 இல் பதவிக்கு வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வன்னிக் கமக்காரன் கையிலே காசு புழங்கியது. 1977 இல் வந்த அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தபோது அந்தச் செழிப்புச் சரிந்தது. மண்வெட்டி மாறவில்லை, மழை மாறவில்லை, உழைத்த கைகளும் மாறவில்லை. மாறியது கொழும்பிலே எடுக்கப்பட்ட முடிவு. அரசியல் தனக்கு வேண்டாம் என்று கூறிய கமக்காரனின் தோட்டத்துள் அரசியல் அவனைக் கேளாமலே நுழைந்தது.

இரண்டாவது வாதம் கற்றவரிடமிருந்து வருவது. ஆதலால் அதற்கு மதிப்பான விடை தேவைப்படுகின்றது. பெரும்பான்மையின் பாராளுமன்றத்தில் சிறுபான்மையின் வாக்குக்குப் பெறுமதியில்லை. ஆகவே விலகி நிற்பதே கொள்கை என்பது அவ்வாதம். இதற்கு வரலாறும் உண்டு. 1931 இல் டொனமூர் யாப்பின்கீழ் சர்வசன வாக்குரிமை வந்தபோது, அந்த யாப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று கூறி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. அரசாங்க சபையில் குடாநாட்டின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. அவ்வாலிபர்களின் இலட்சியத்தூய்மையை எவரும் ஐயுறார். ஆயினும் வெற்று ஆசனங்கள் எவரோடும் வாதிடவில்லை. சபை அவையின்றியே நடந்தது. 2005 நவம்பர் 17 ஆம் நாள் நடந்த சனாதிபதித் தேர்தலில், விடுதலைப் புலிகளின் நெருக்குதலால் நிகழ்ந்த பகிஷ்கரிப்பின்போது, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்தானும் வாக்களிக்கவில்லை. நாடு முழுவதிலும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடைப்பட்ட வேறுபாடோ ஏறத்தாழ 1,80,000 வாக்குகள் மட்டுமே. அளிக்கப்படாத வாக்குகள் எவரைச் சேர்ந்திருக்கும் என்பது வேறு வினா. முடிவை மாற்றவல்ல எண்ணிக்கை தமிழர் கையிலே இருந்தது என்பதும், அது பயன்படுத்தப்படவில்லை என்பதும் மறுக்கவொண்ணாதவை.

பகிஷ்கரிப்பு ஒருபோதும் கூடாது என்பது இதன் பொருளன்று. இடாப்பிலே பெயருள்ளவன் வாக்களியாது விடுவது ஒரு கருத்து. அதனை எண்ணலாம், விளக்கலாம், உலகுக்கு எடுத்துரைக்கலாம். இடாப்பிலே பெயரில்லாதவன் வாக்களியாதிருப்பது கருத்தன்று, வெறும் இன்மை. ஆகவே தேர்தலை மறுப்பவனுக்கும் முதற்கடமை பதிவே.

பதிவு இல்லாமை எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதை அறிய நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஆறு ஆசனங்களை வென்றது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949 இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தொழிலாளரின் பெயர்களை இடாப்பிலிருந்து அகற்றின. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. அம்மக்களுள் ஒரு பகுதியினர் 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பி வன்னிப் பெருநிலத்துக் குடியேற்றங்களில் வந்து சேர்ந்தனர். நாடற்றோர் என்ற நிலையை முற்றாக நீக்க 1988 ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் தேவைப்பட்டன. இடாப்பிலிருந்து பெயர் நீங்க ஒரு திருத்தம் போதுமாயிருந்தது. மீளுவதற்கு அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலும் கறுப்பின மக்களைத் தடுத்துநின்றது வாக்குப் பெட்டியன்று, பதிவுக் கந்தோரே. 1965 ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்துக்கு முன் அங்கு வாக்களிக்கும் வயதெய்திய கறுப்பின மக்களுள் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பதிவு பெற்றிருக்கவில்லை. அப்பதிவுக்காக உயிர்கொடுத்தோர் உண்டு. விசுவமடுவில் அதற்கு ஒரு படிவமும் ஒரு பேனையும் போதும்.

இனிக் கணக்கினை நோக்குதல் வேண்டும். பாராளுமன்றத்தின் 225 உறுப்பினருள் 196 பேர் தேர்தல் மாவட்டங்களிலிருந்து தெரிவாகின்றனர். மாகாணத்துக்கு நான்காக 36 ஆசனங்கள் ஒதுக்கப்பட, எஞ்சிய 160 உம் பதிவுபெற்ற தேருநர் தொகைக்கேற்பப் பங்கிடப்படுகின்றன. 2024 இல் நாடு முழுவதும் பதிவுபெற்றோர் ஏறத்தாழ 1 கோடியே 71 இலட்சம். எனவே சுமார் 1,07,000 பெயர்களுக்கு ஓர் ஆசனம். மக்கள் தொகைக்கேற்ப அன்று, பெயர்த் தொகைக்கேற்ப என்பது கவனிக்கற்பாலது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 1989 இல் பதினோர் ஆசனங்கள் இருந்தன. 2010 இல் ஒன்பது. 2015 இல் ஏழு. 2024 இல் ஆறு. சாவும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் இச்சரிவின் பெருங்காரணங்கள். அவற்றை எந்தப் படிவமும் ஈடுசெய்யாது. ஆயின் உயிரோடு ஊரிலே வாழ்பவன் பெயரும் இடாப்பில் இல்லையெனில், போர் எடுத்துக்கொள்ளாது விட்டதை அவனே வலிந்து கொடுத்தவனாகின்றான். வன்னியின் ஆறு ஆசனங்களும் இதே தராசிலேதான் நிற்கின்றன.

குற்றம் முழுவதையும் மக்கள் தலையில் ஏற்றுவது அநீதி. 2009 சனவரியில் போர் விசுவமடுவைக் கடந்தபோது மக்கள் உடுத்த துணியோடு சென்றனர். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் அவர்களோடு சென்றனவல்ல. 2011 இல் வடக்கின் பல உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தபோது புதுக்குடியிருப்புப் பிரதேச சபைக்கு அது தள்ளிவைக்கப்பட்டது. 2018 பெப்ரவரியிலேயே அம்மக்கள் தம் சபையைத் தெரிவுசெய்ய முடிந்தது. அச்சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தபோது, நிதியில்லை என்ற காரணங்காட்டித் தேர்தல் நிறுத்தப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே, 2025 மே 6 ஆம் நாள் வாக்களிப்பு நடந்தது. 2013 செப்ரெம்பரில் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல சென்றும் ஆளுநரின் ஆட்சியே நீடித்தது. மக்களாட்சி என்று பெயர்சூட்டிக்கொண்ட அரசு, தேர்தலை வரவுசெலவுக் கணக்கின் எச்சமாகக் கருதுமாயின் அப்பெயருக்கு அது தகுதியுடையதன்று. ஆனால் அவ்வாறு நடக்கும் அரசுக்கு மிக உவப்பானவன் யார்? தேர்தல் நடந்ததா இல்லையா என்பதையே அறியாத குடிமகன்.

பதிவுமுறை கடினமானதன்று. 1980 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றது. பிரதான குடியிருப்பாளர் தம் வீட்டிலுள்ள தகுதியுடையோர் பெயர்களைக் கிராம அலுவலரிடம் அறிவித்தல் வேண்டும். நீக்கப்படவுள்ள பெயர்களும் சேர்க்கப்படவுள்ள பெயர்களும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். விடுபட்டவர் உரிமை கோரலாம், தகுதியற்ற பெயருக்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம். 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், ஆண்டின் இடையில் பதினெட்டு வயது நிறைவுறுவோரும் துணைப் பட்டியல் வாயிலாகச் சேர வழியுண்டு. அடையாள அட்டை இல்லாதவர் தேர்தலுக்கெனத் தற்காலிக அடையாள அட்டை பெறலாம். எனினும் பெயர்கள் விடுபடும் இடங்கள் சில உண்டு. திருமணமாகி வேறூர் சென்ற பெண்ணின் பெயர் பிறந்தகத்தில் நீக்கப்பட்டுப் புக்ககத்தில் சேர்க்கப்படாது போகின்றது. போரிலே கணவனை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண், நாட்கூலியை விட்டு அலுவலக வாயிலில் நிற்க இயலாதவளாகின்றாள். கொழும்பிலோ பேராதனையிலோ பயிலும் மாணவனின் பெயரை, அவன் ஊரில் இல்லையென்று வீட்டாரே எழுதாது விடுகின்றனர். மாணவருக்குத் தபால் மூல வாக்கு இல்லை. வாக்களிக்க ஊருக்குச் சென்றே ஆகவேண்டும். சென்றபின் பெயர் இல்லையெனத் திரும்புவதினும் வெட்கக்கேடு வேறில்லை.

பதிவோடு கடமை முடிவதுமில்லை. தெரிவானவர் யாவர், எதற்குப் பொறுப்பானவர் என்பதை அறியாதவனின் வாக்கு, முகவரியில்லாத கடிதம் போன்றது. 2024 நவம்பர்த் தேர்தலில் வன்னியின் ஆறு ஆசனங்களும் ஐந்து கட்சிகளிடையே பகிரப்பட்டன. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற பழைய ஏற்பாடு 1977 ஆம் ஆண்டுத் தேர்தலோடு முடிந்தது. இன்று "எங்கள் எம்.பி." என்பவர் ஒருவர் அல்லர், அறுவர், அறுவரும் விசுவமடுவுக்குப் பொறுப்புடையர். ஆறு பேருக்குப் பொதுவானது எவருக்கும் உரியதன்று என்றாகிவிடும் ஆபத்தைத் தடுக்க வல்லது, அறுவரின் பெயரையும் அறிந்து அறுவரையும் வினவும் வாக்காளர் கூட்டமே. ஏ-35 வீதி மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியது. ஊர் ஒழுங்கைகளும் சந்தையும் பிரதேச சபைக்குரியன. மாகாணப் பாடசாலைகள் மாகாணக் கல்வித் திணைக்களத்தின்பாற்பட்டன. சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைச் சார்ந்தன. ஒழுங்கைக்குக் கிரவல் கேட்டுப் பாராளுமன்ற உறுப்பினரிடம் செல்பவனும், வனத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டிய காணிக்காகப் பிரதேச சபை உறுப்பினரிடம் செல்பவனும் ஒருங்கே ஏமாறுகின்றனர். அவ்வேமாற்றம் உறுப்பினருக்கோ வசதியாகின்றது. "அது என் அதிகாரத்தில் இல்லை" என்ற ஒரு சொல்லில் அவர் தப்பிவிடுகின்றார். எது அவர் அதிகாரத்தில் உள்ளது என்பதை அறிந்து கேட்பவனிடம் அச்சொல் செல்லாது. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அவர் என்ன பேசினார் என்று கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், ஒதுக்கப்பட்ட நிதி எங்கே சென்றது என்று எழுத்திலே கேட்டு எழுத்திலே விடை பெறலாம்.

தேர்தற் காலத்தில் மட்டும் வன்னிக் காட்டுப்பாதை தெரியவருகின்ற பிரதிநிதிகளைப் பழிப்பது இலகு. அவர்கள் அவ்வாறு இருப்பதற்குத் துணிவு தருவது, இடைப்பட்ட ஐந்தாண்டும் எவரும் அவர்களை ஒன்றும் கேளார் என்ற அனுபவமே. கேள்விக்கு அஞ்சாத பிரதிநிதி தானாக உருவாவதில்லை. கேட்கத் தெரிந்த ஊர்தான் அவரை உருவாக்குகின்றது.

இங்கே பல்கலைக்கழகத்தார்க்குரிய பணி தெளிவு. வன்னியின் ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும், கமக்காரர் அமைப்பிலும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் இடாப்பின் பெயர்கள் ஆண்டுக்கொரு முறை உரத்து வாசிக்கப்படுதல் வேண்டும்; விடுபட்ட பெயர்கள் உரிய நாளுக்குள் சேர்க்கப்படுதல் வேண்டும்; உறுப்பினர் பெயரும் அவர்தம் அதிகார எல்லையும் சுவரிலே எழுதப்படுதல் வேண்டும். இதற்கு நிதி வேண்டியதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் சிலரின் இரண்டு நாள் உழைப்புப் போதும். இதைச் செய்யாது, இனத்தின் விடிவு பற்றி ஆண்டுமலர்களை நிரப்பும் கல்வி, ஊருக்குப் பயன்படாத கல்வி. விசுவமடுவின் தேருநர் இடாப்பில் விடுபட்ட ஒரு பெயர் சேர்க்கப்படுமாயின், அது அத்தகைய நூறு கட்டுரைகளினும் மேலான அரசியற் பணியாகும்.