மாவீரனின் முழக்கமும் மறதியின் வணிகமும்

“இக்காலத்து இளைஞருக்குக் காது இல்லை, இரைச்சலையே இசையெனக் கொள்கின்றனர்” என்று ஒரு சாரார் கூறுகின்றனர். “மாவீரர் திரைப்படம் முதலாளித்துவத்தின் மயக்கமருந்து, அதன் இசையைப் பற்றிப் பேசுவதே காலவிரயம்” என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். இப்பின்னவர்கள் நம்மவர் என்று நாம் உரிமையோடு அழைக்கத்தக்கவர்கள். முன்னவர் மக்களைப் பழிக்கின்றனர். பின்னவரோ மக்கள் எதைக் கேட்கின்றனர், கேட்டதில் எதை நெஞ்சில் இருத்துகின்றனர் என்று ஆராயவே மறுக்கின்றனர். முடிவில் இரு சாராரும் ஓரிடத்திலேயே வந்து நிற்கின்றனர்; மக்களின் செவியை இருவரும் மதிக்கவில்லை.

நாம் ஒரு சிறு சோதனையை முன்வைக்கிறோம். 1978ஆம் ஆண்டு வெளிவந்த ‘சூப்பர்மேன்’ படத்தைப் பார்த்த ஒருவரிடம் அதன் முகப்பிசையைப் பாடிக்காட்டுமாறு கேளுங்கள். இசையறிவு சிறிதும் இல்லாதவராயினும் பாடிவிடுவார். அவரிடமே 2011இல் வெளிவந்த ‘தோர்’ படத்தின் இசையைக் கேளுங்கள். தலையைச் சொறிவார். 2016இல் டோனி ஸூ, டெய்லர் ராமோஸ் என்னும் இருவர் வெளியிட்ட காட்சிக் கட்டுரையொன்று தெருவிற் கண்டோரிடம் இவ்வாறே வினவியது. ‘ஸ்டார் வோர்ஸ்’, ‘ஜேம்ஸ் பொன்ட்’, ‘ஹரி பொட்டர்’ ஆகியவற்றின் இசையை அவர்கள் தயக்கமின்றிப் பாடினர். உலகெங்கும் வசூலைக் குவித்த மார்வல் நிறுவனப் படங்களின் இசையைக் கேட்டபோது வாயடைத்து நின்றனர். மனிதர் அவரே, செவியும் அதுவே. அப்படியாயின் குறை செவியில் இருக்கிறதா, செவிக்கு ஊட்டப்பட்ட பொருளில் இருக்கிறதா?

ஜோன் வில்லியம்ஸ் ‘சூப்பர்மேன்’ படத்துக்கு அமைத்த இசையை எடுத்துக்கொள்வோம். லண்டன் சிம்பொனி இசைக்குழு அதனை வாசித்தது. நமது இசை மரபில் சொல்வதானால், ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடைப்பட்ட அகன்ற வெளியே அதன் உயிர்நிலை. உலகின் எந்த மூலையிற் பிறந்த குழந்தையும் எளிதிற் பற்றிக்கொள்ளக்கூடிய சுர உறவு அது. அதன்மேல் ஒரு படைநடையின் தாளம் ஏறுகிறது. முத்தாய்ப்பாக வரும் மூன்று சுரங்கள் ‘சூ–பர்–மேன்’ என்னும் பெயரையே உச்சரிப்பன போல ஒலிக்கின்றன. இசை இங்கே காட்சிக்குப் பின்னால் ஒளிந்து நிற்கவில்லை. பெயர் சொல்லி அழைக்கிறது. கூத்துக் களரியில் வரவுத் தாளம் எழுந்தவுடனேயே வருபவன் யாரென்று உணர்ந்துகொள்ளும் ஊரவரைக் கண்ட நமக்கு இது விளங்காத வித்தையன்று.

ஆனால் பித்தளைக் கருவிகளில் அந்த அகன்ற சுர இடைவெளிகளை முழக்கும் வழக்கம் மாவீரனுக்கென்று பிறந்ததா? அமெரிக்க இசையில் அதற்கொரு வரலாறு உண்டு. 1942ஆம் ஆண்டு, போர் மூண்டிருந்த வேளையில், சின்சினாட்டி நகர இசைக்குழுவின் நெறியாளர் யூஜின் கூசன்ஸ், கச்சேரிகளின் தொடக்கத்தில் வாசிப்பதற்குச் சிறு முழக்கங்களை எழுதித் தருமாறு இசையமைப்பாளரை வேண்டினார். பதினெட்டு முழக்கங்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் இன்றும் உயிருடன் நிலைத்திருப்பது ஆரன் கோப்லன்ட் எழுதிய ஒன்றுதான். தளபதிக்கென்றோ படைக்கென்றோ அவர் அதனை எழுதவில்லை. ‘சாமானிய மனிதனுக்கான முழக்கம்’ என்று பெயரிட்டார். இது சாமானியனின் நூற்றாண்டாக வேண்டும் என்று அவ்வாண்டில் துணை ஜனாதிபதி ஹென்றி வொலஸ் ஆற்றிய உரையே அப்பெயருக்குத் தூண்டுதல். அதே கோப்லன்ட் 1953இல் மக்கார்த்தியின் குழுவின் முன் நிறுத்தி விசாரிக்கப்பட்டார். அவ்வாண்டு ஜனாதிபதி பதவியேற்பு விழாக் கச்சேரியிலிருந்து லிங்கனைப் பற்றிய அவருடைய படைப்பு நீக்கப்பட்டது.

வில்லியம்ஸ் கோப்லன்டைப் பார்த்து எழுதினார் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஒரே மண்ணில் விளைந்த ஒலி என்றே சொல்கிறோம். சாமானியனை நிமிர்ந்து நிற்கச் செய்த ஒலி, முப்பத்தாறு ஆண்டுகளின் பின் வானத்திற் பறக்கும் ஒருவனுக்கு உரியதாயிற்று. ஆயினும் மக்கள் அதனைப் பாடும்போது தம்மையே நிமிர்த்திக்கொள்கின்றனர் என்பதை மறுக்க முடியுமா? தோளில் துவாயைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் ஓடும் சிறுவன் வேறொருவனின் வலிமையைப் பாடவில்லை. தன் வலிமையைப் பாடுகிறான். ‘மயக்கமருந்து’ என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் அடைத்துவிடும் நண்பர்கள் இதனைக் காண்பதில்லை.

நினைவில் நிற்பதற்கு வெற்றி முழக்கமே வேண்டுமென்பதும் இல்லை. டிம் பேர்ட்டனின் ‘பேட்மேன்’ (1989) படத்துக்கு டனி எல்ஃப்மன் அமைத்தது ஐந்தே சுரங்கள் கொண்ட ஒரு சிறு வடிவம். ஷட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம் எனப் படிப்படியாக ஏறுகிறது; அங்கிருந்து சுத்த தைவதத்துக்குத் தாவுகிறது; தாவிய இடத்தில் நிற்க மாட்டாமல் பஞ்சமத்துக்குச் சரிகிறது. வீடு திரும்பாத மெட்டு அது. பெற்றோர் கொலையுண்டதைக் கண்ட பிள்ளை வளர்ந்து இருளில் அலைகிறான் என்பதைச் சொல்ல ஆயிரம் வசனம் எழுதினாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. அதே படத்துக்கெனப் புகழ்மிக்க பாடகர் பிரின்ஸ் முழு இசைத்தட்டொன்றையே வெளியிட்டார்; விற்பனையில் அது முதலிடம் பெற்றது. ஆயினும் பேட்மேன் என்றதும் மனத்தில் எழுவது அவ்வைந்து சுரங்களே.

அந்த இசைக்குழுவை நெறிப்படுத்தியவர் ஷேர்லி வோக்கர் என்னும் பெண்மணி. 1992இல் தொடங்கிய ‘பேட்மேன்’ தொலைக்காட்சிச் சித்திரத் தொடருக்கு இசைப் பொறுப்பேற்றவரும் அவரே. சிறுவருக்கான கேலிச்சித்திரந்தானே என்று மின்விசைப் பெட்டியொன்றின் பொத்தான்களை அழுத்தி முடித்துவிடாமல், உயிருள்ள வாத்தியக் குழுவைக் கொண்டு, ஒவ்வோர் எதிர்நாயகனுக்கும் தனி மெட்டு வகுத்தார். பெரிய ஹொலிவூட் நிறுவனப் படமொன்றுக்குத் தனியாக இசையமைத்த முதற் பெண்களுள் அவரும் ஒருவர். 2006இல் மறைந்தார். மெட்டை அறிந்தோர் கோடிக்கணக்கானோர். அதனை ஒலிக்கச் செய்தவளின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்?

இனி மறதிக்கு வருவோம். பாத்திரத்துக்குரிய மெட்டு ஒருமுறை கேட்டதனால் நினைவில் தங்குவதில்லை. அது திரும்பி வர வேண்டும்; திரும்பும்போது மாறி வர வேண்டும். வீரன் தோற்கும்போது அதே மெட்டு நொறுங்கி ஒலிக்க வேண்டும். காதலிக்கும்போது மெலிந்து ஒலிக்க வேண்டும். 1876இல் முழுமையாக அரங்கேறிய தமது நாடக நால்வரிசையில் வாக்னர் செய்தது இதுவே. அதற்குக் காலமும் தொடர்ச்சியும் வேண்டும். மார்வல் நிறுவனம் தந்தது என்ன? ‘அயன் மேன்’ படம் 2008இல் வந்தபோது ரமின் ஜவாடி இசையமைத்தார். 2010இல் வந்த இரண்டாவது படத்துக்கு ஜோன் டெப்னி. 2013இல் வந்த மூன்றாவதற்கு பிரையன் டைலர். நாயகன் ஒருவனே, நடிகரும் ஒருவரே. இசை மட்டும் மூன்று. ‘தோர்’ வரிசையிலும் அவ்வாறே: பற்றிக் டோயில், பிரையன் டைலர், மார்க் மதர்ஸ்போ. ஒவ்வொருவரும் திறமை குன்றாத கலைஞர். குற்றம் அவர்களுடையதன்று. ஒருவர் நட்ட கன்றை அடுத்தவர் பிடுங்கிவிட்டுப் புதிது நட வேண்டிய நிலையில் எந்த மரம் வளரும்? அதே நிறுவனத்தில் அலன் சில்வெஸ்ட்ரி 2012இல் ‘அவெஞ்சர்ஸ்’ படத்துக்கு அமைத்த மெட்டு, 2018இலும் 2019இலும் அவர் கையாலேயே மீண்டு வந்தபோது அரங்குகள் ஆர்ப்பரித்தன. மக்களுக்குச் செவி உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இன்னுமொரு நோய் உண்டு. படத்தொகுப்பின்போது, இசையமைப்பாளர் ஒரு சுரமும் எழுதுமுன்னரே, வேறு படங்களின் இசையை எடுத்துக் காட்சிக்குத் தற்காலிகமாகப் பொருத்திவிடுகின்றனர். இயக்குநர் பல மாதங்கள் அதனையே கேட்டுக் கேட்டுப் பழகிவிடுகிறார். பின்னர் வரும் இசையமைப்பாளரிடம் “இதைப் போலவே ஒன்று, ஆனால் இதுவாக இருக்கக்கூடாது” என்று கேட்கப்படுகிறது. 1968இல் குப்ரிக் தமது விண்வெளிப் படத்துக்காக அலெக்ஸ் நோர்த் எழுதி ஒலிப்பதிவும் செய்த இசையை ஒதுக்கிவிட்டுத் தாம் பழகிய பழைய இசையையே வைத்துக்கொண்டார். அது ஒரு மேதையின் பிடிவாதம் என்று விடலாம். இன்றோ அப்பழக்கம் தொழிற்சாலை விதியாகிவிட்டது. நகலின் நகல், அதன் நகல்! வெளியீட்டுத் திகதி முன்கூட்டியே குறிக்கப்பட்டு, காட்சிகள் இறுதிவரை வெட்டி ஒட்டப்படும் முறையில், எங்கு வெட்டினாலும் காயம் தெரியாத இசையே முதலாளிக்கு வசதியானது. தெளிவான மெட்டை நடுவில் வெட்டினால் வலிக்கும். வெறும் அதிர்வை எங்கு வெட்டினாலும் யாருக்கும் தெரியாது.

இங்கே சில தோழர்கள் ஹான்ஸ் ஐஸ்லரைத் துணைக்கழைப்பர். பிரெக்டின் தோழரான ஐஸ்லர், அடோர்னோவுடன் சேர்ந்து எழுதி 1947இல் தம் பெயரில் மட்டும் வெளிவந்த திரையிசை நூலில், பாத்திரத்துக்கு மெட்டு ஒட்டும் வழக்கத்தை, எசமானின் வருகையை அறிவிக்கும் ஏவலாளனின் வேலைக்கு ஒப்பிட்டது உண்மையே. ஆனால் அந்நூலைப் பாதி மட்டும் படிப்பது நேர்மையாகாது. திரையிசை செவிக்குப் புலப்படாமல் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற நம்பிக்கையையும் அதே நூல் அதே அத்தியாயத்தில் தாக்குகிறது. ஏவலாளன் உரத்துக் கூவுவதை ஐஸ்லர் வெறுத்தார் என்பதற்காக, அவனை ஊமையாக்கியவர்களின் பக்கம் அவரை நிறுத்தலாமா? நூல் வந்த மறு ஆண்டில் அமெரிக்காவை விட்டே வெளியேற்றப்பட்ட மனிதர் அவர்.

பழைய மெட்டுகளைத் தவிர வேறெதுவும் நல்லதன்று என்ற கிழட்டு மனோபாவம் நமக்கில்லை. 2008இல் வெளிவந்த ‘டார்க் நைட்’ படத்தில் ஜோக்கர் தோன்றுமிடங்களில் ஹான்ஸ் ஸிம்மர் மெட்டு எதனையும் தரவில்லை. வயலின்செல்லோவின் தந்தியில் ஒரே சுரம் நீண்டு, இறுகி, அறுந்துவிடுமோ என நாம் அஞ்சும்வரை இழுபடுகிறது. பாட முடியாது, ஆனால் மறக்கவும் முடியாது. காரணம், அது அந்தப் பாத்திரத்துக்கன்றி வேறெவனுக்கும் பொருந்தாது. 1970களின் இறுதியில் தொலைக்காட்சியில் வந்த ‘ஹல்க்’ தொடரோ இதற்கு மறுதலை. சுவர்களை இடித்துத் தள்ளும் அப்பூதத்தின் கதை, ஒவ்வொரு வாரமும், மூட்டையைத் தோளிலிட்டு நெடுஞ்சாலையில் தனியே நடக்கும் மனிதனுக்காக ஜோ ஹார்னல் எழுதிய மெல்லிய பியானோ இசையோடு முடிந்தது. வேலையும் வீடும் இன்றி ஊரூராக அலைபவனின் இசை அது. அதன் முன் எத்தனை பேரிகைகள் தோற்றன!

மாவீரர் கதையின் உரிமை யாருடையது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர் 1938இல் சூப்பர்மேன் உரிமையை 130 டொலருக்கு விற்றனர். அவ்வாண்டில் அவர்கள் எழுதிய கதையொன்றில் சூப்பர்மேன், பாதுகாப்பற்ற சுரங்கமொன்றின் முதலாளியையும் அவன் விருந்தினரையும் அதே சுரங்கத்துள் அகப்படச் செய்து பாடம் புகட்டுகிறான். அத்தகைய சூப்பர்மேனைப் படைத்தவர்களுக்கு, 1975இல் பொதுசன எதிர்ப்பு எழுந்த பின்னரே, ஆண்டுக்கு 20,000 டொலர் உதவித்தொகையும் பெயரிடும் உரிமையும் கிடைத்தன. இசைக்கும் இதே நியதிதான். கூலிக்கு எழுதப்படும் திரையிசைக்கு அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் ஆசிரியர் இசையமைப்பாளரல்லர். கூலி கொடுத்த நிறுவனமே ஆசிரியர்.

2018இல் வந்த ‘பிளாக் பந்தர்’ படத்தை ஈண்டு குறிப்பிட வேண்டும். சுவீடன் நாட்டவரான லுட்விக் யோரன்சன், பாபா மால் என்னும் பாடகருடன் செனகல் நாட்டில் பயணம் செய்து, அங்குள்ள கலைஞரின் வாத்தியங்களைக் கேட்டறிந்தார். அக்குளில் இடுக்கி வார்களை அழுத்துவதால் பேச்சுக் குரல் போல ஏறி இறங்கும் ‘தமா’ என்னும் முழவை மசம்பா டியோப் வாசிக்க, அம்முழவு ‘டிச்சாலா’ என்று நாயகனின் பெயரையே சொல்கிறது. வில்லியம்ஸின் மூன்று சுரங்கள் செய்த வேலையை இங்கு ஒரு மக்களின் பழைய கருவி செய்கிறது. எதிர்நாயகன் கில்மொங்கருக்கு ஃபுலா மக்களின் புல்லாங்குழலும், அமெரிக்கக் கறுப்பின இளைஞரின் தெருத்தாளமும் இணைத்துத் தரப்பட்டன. பிடுங்கி நடப்பட்ட ஓர் இனத்தின் வரலாறு அந்த இணைப்பில் ஒலிக்கிறது. 2019இல் அவ்விசை ஒஸ்கார் விருது பெற்றது.

அப்படத்திலேயே கில்மொங்கர் லண்டன் அரும்பொருளகம் ஒன்றில் நின்று, இந்த ஆபிரிக்கப் பொருள்கள் உங்கள் கைக்கு எவ்வாறு வந்தன, விலை கொடுத்தா வாங்கினீர்கள் என்னும் பொருள்பட வினவுகிறான். அரங்கில் அதற்குக் கைதட்டிய மாணவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: அவ்வினாவை அந்த முழவின் ஒலிக்கும், அதன் ஒலிப்பதிவு உரிமையைத் தன்வசம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் எப்போது எழுப்பப் போகிறீர்கள்?