எளிய நிலை என்றால் யாருக்கு எளிது?



உங்களில் பலர் மென்பொருள் துறையில் இருக்கிறீர்கள். அதனால் இந்தச் சண்டையை உங்களிடமே போடுகிறேன்.

ஸ்கிராபிள் மாதிரி ஆங்கிலச் சொல் விளையாட்டுகளைப் பிள்ளைகள் கைப்பேசியில் கணினியோடு ஆடுகிறார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று நிலைகள் உண்டு. நான் பார்த்த ஒரு செயலியில் 'எளிது' என்பதன் பொருள், கணினி குறைந்த புள்ளிச் சொல்லை வைக்கும் என்பதுதான்.

இது அடிப்படையிலேயே தவறு. 'ஏ', 'ஐ' இரண்டு எழுத்தையும் சேர்த்தால் ஸ்கிராபிளில் ஒரு சொல். செயற்கை நுண்ணறிவு அல்ல. சுருக்கப் பெயர்கள் அங்கே செல்லாது. தென் அமெரிக்காவில் மரத்தில் தொங்கி வாழும் ஒரு விலங்கின் பெயர் அது. எழுத்துகளின் மதிப்பு 2 புள்ளி. 'குவிஸ்' என்ற சொல்லுக்கோ 22 புள்ளி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டில் எது தெரியும்? புள்ளி வேறு, கடினம் வேறு.

கணினியைப் பலசாலி ஆக்குவது பழைய கதை. ஓர் அகராதி முழுவதையும் வைத்துக்கொண்டு எல்லா ஆட்டங்களையும் விரைவாகத் தேடும் முறையை ஆப்பெல், ஜேக்கப்சன் இருவரும் 1988இலேயே வெளியிட்டுவிட்டார்கள். 2006இல் முன்னாள் உலக சாம்பியன் டேவிட் பாய்ஸை குவாக்கிள் என்ற நிரல் வென்றது. பிள்ளையின் அளவுக்கு இறங்கி வருவதுதான் இப்போது வேண்டிய வேலை.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பது. அதையே செய்யுங்கள். அன்றாடம் புழங்கும் சொற்களை மட்டும் எளிய நிலைக்குக் கொடுங்கள். நிலை ஏற ஏற அகராதியை விரியுங்கள். பிள்ளை வைக்கும் சரியான சொல் எதுவானாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். கணினி வைக்கும் சொல்லைத் தொட்டால் பொருள் தெரியட்டும்.

"புதுச்சொல் வந்தால் கற்றுக்கொள்ளட்டுமே" என்பீர்கள். பொருள் தெரியாமல் கற்பது எழுத்துக் கோவையைத்தான். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டம் வென்றார். அபாரமான நினைவாற்றல், கைதட்டுவோம். ஆனால் அதனால் அவருக்குப் பிரெஞ்சு வந்துவிடவில்லை.

இன்னொன்று. பிள்ளை தோற்கிறது என்று ரகசியமாகக் கணினியை முட்டாளாக்காதீர்கள். நிலையைச் சொல்லிவிட்டு ஆடுங்கள். விட்டுக்கொடுத்த வெற்றி எது என்பது பிள்ளைக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். அப்புறம் உண்மையாக ஜெயித்தாலும் நம்பாது.

இந்த வேலையில் இருப்பவர்கள் கீழே பதில் எழுதுங்கள். மறுத்து எழுதினாலும் மகிழ்ச்சியே, காரணத்தோடு எழுதுங்கள்.