ஒரு பிழையும் ஓராயிரம் வழிகளும்

நுழையும்முன்

பிழையைப் பொறுப்பதா, உறவையே முறிப்பதா என்னும் வினா மனிதர்க்கு மட்டும் உரியதன்று. உலக வலையமைப்புகளை இணைக்கும் கருவிகளும் ஒவ்வொரு நொடியும் இவ்வினாவை எதிர்கொள்கின்றன. அவை அளிக்கும் விடையைப் பொறுத்தே இணையம் இயங்குவதும் தடைபடுவதும் அமைகின்றன.

கடலடியில் புதிய வழி

தூத்துக்குடிக் கடல் தொன்மையான வாணிக வாயில். பாண்டியரின் கொற்கைத் துறையும் அதன் முத்தும் அயல்நாட்டார் குறிப்புகளிலும் இடம்பெற்றவை. முத்துச்சிப்பிகள் செறிந்த கடலடித் திட்டுகளை இக்கரை மக்கள் ‘பார்’ என்பர். இங்கு அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எனினும் இக்கடலடி வேறொரு செல்வத்துக்கு வழியாயிற்று. 2006ஆம் ஆண்டு பி.எஸ்.என்.எல். நிறுவனமும் ஸ்ரீலங்கா டெலிகாம் நிறுவனமும் இணைந்து, தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையே ‘பாரத் லங்கா’ என்னும் கண்ணாடி இழைக் கம்பிவடத்தை அமைத்தன. அதன் நீளம் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேலாகும்.

கம்பிவடம் பாதையை மட்டுமே தரும். எந்தத் தகவல் எவ்வழியே செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்பவை ‘ரூட்டர்’ எனப்படும் திசைவிகளே.

அண்டை வீட்டார் உரையாடல்

இணையம் ஒரே வலையன்று. தனித்தனி நிருவாகத்தில் இயங்கும் பல்லாயிரம் வலையமைப்புகளின் கூட்டு. “இந்த முகவரிகளை அடைய என் வழியே வரலாம்” என்று ஒவ்வொரு வலையமைப்பும் தன் அண்டை வலையமைப்புக்கு அறிவிக்கிறது. இவ்வறிவிப்புக்கான பொதுமொழி, 1989ஆம் ஆண்டு முதன்முதலில் வரையறுக்கப்பட்ட பி.ஜி.பி. நெறிமுறையாகும். ஒரு பெரிய திசைவி ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளுக்கான வழிகளை இவ்வாறு கேட்டறிந்து வைத்திருக்கிறது.

ஒவ்வோர் அறிவிப்போடும் அவ்வழியின் இயல்புகளைக் கூறும் சில பண்புக்குறிப்புகள் வரும். அவற்றுள் சிலவகைக் குறிப்புகளை, பொருள் புரியாவிட்டாலும் அடுத்தவருக்கு அப்படியே அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. புதிய வசதிகள் உலகெங்கும் பரவுவதற்கு அவ்விதி துணைநின்றது. அதுவே இடரின் ஊற்றாகவும் ஆயிற்று.

உறவை முறிக்கும் விதி

வடிவம் சிதைந்த அறிவிப்பு வந்தால் என் செய்வது? 2006ஆம் ஆண்டு வெளியான நெறிமுறை, பிழையைச் சுட்டி அண்டைத் திசைவியுடனான தொடர்பைத் துண்டிக்குமாறு பணித்தது. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. செய்திகள் இடைவெளியின்றி வரிசையாக வருவன. ஒன்றின் நீளக் கணக்குத் தவறினால் அதன்பின் வரும் அனைத்தும் ஐயத்துக்குரியனவாகும். பிழையான செய்தியைப் பேசாமல் புறக்கணித்தாலோ, இரு திசைவிகளும் வெவ்வேறு வழிகளை நம்பத் தொடங்கும்; தகவல்கள் சென்ற வழியே திரும்பிச் சுழலும்.

ஆனால் தொடர்பைத் துண்டித்தால் அவ்வழியே கற்ற அனைத்து வழிகளும் ஒருசேர மறைகின்றன. பிழையற்ற இலட்சக்கணக்கானவையும் அவற்றுள் அடங்கும். தொடர்பு மீண்டதும் அதே சிதைந்த செய்தி மறுபடியும் வரும்; மறுபடியும் தொடர்பு அறுபடும். பொருள் புரியாத திசைவிகள் பிழையை ஆய்வின்றிக் கடத்திவிட, பொருள் புரிந்த ஏதோ ஒரு தொலைதூரத் திசைவி, பிழை செய்யாத தன் அண்டையோடு உறவை முறித்துக்கொள்ளும்.

இது கற்பனையன்று. 2010 ஆகஸ்டு 27 அன்று ஐரோப்பிய முகவரிப் பதிவகமான ரைப் என்.சி.சி.யும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் ஆய்வுக்காகப் புதுவகைப் பண்புக்குறிப்பு ஒன்றை வெளியிட்டன. அது முறையாகவே அமைந்திருந்தது. ஆயினும் சிஸ்கோ நிறுவனத்தின் ஒருவகைத் திசைவிகள் அதனைச் சிதைத்து அனுப்பின. பெற்றவை தொடர்பை அறுத்தன. ஆய்வு அரைமணி நேரத்துக்குள் நிறுத்தப்பட்டது. அதற்குள் உலக இணையத்தின் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டு வழிகள் நிலைகுலைந்திருந்தன.

கயிற்றின் அசைவு

முத்துக்குளிப்பில் மூழ்குபவர் கீழிருந்து கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். அசைவு தெளிவற்று இருந்தால் படகில் இருப்பவர் முன் மூன்று வழிகள் உண்டு. அதனைப் பொருட்படுத்தாது இருந்தால் ஓருயிர் இழக்க நேரலாம். கடலடியில் உள்ள அனைவரையும் கரையேற்றிப் படகைத் திருப்பினால் அன்றைய உழைப்பு முழுவதும் வீணாகும். அந்த ஒருவரை மட்டும் உடனே மேலே இழுத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

2015 ஆகஸ்டில் வெளியான திருத்தம் இம்மூன்றாம் வழியையே பெரிதும் பின்பற்றுகிறது. சிதைந்த குறிப்போடு வந்த வழியை மட்டும் திரும்பப் பெறப்பட்டதாகக் கருத வேண்டும். எஞ்சிய வழிகளும் தொடர்பும் நிலைக்கும். வழித்தேர்வுக்குத் தொடர்பில்லாத குறிப்பாயின் அதனை மட்டும் நீக்கினால் போதும். எந்த முகவரிகளைப் பற்றியது என்பதே படிக்க இயலாதவாறு செய்தி சிதைந்திருந்தால்தான் தொடர்பைத் துண்டிக்க வேண்டிவரும். தண்டனை பிழையின் அளவைக் கடக்கக் கூடாது என்னும் அறம் இங்குத் தொழில்நுட்ப விதியாகியுள்ளது.

இப்பொறுமை எல்லாப் பிழைக்கும் மருந்தாகாது. 2021 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் வோடஃபோன் ஐடியா வலையமைப்பு, தனக்கு உரியன அல்லாத முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தனக்குரியனவாகத் தவறுதலாக அறிவித்தது. வடிவம் சரியாக இருந்து பொருள் தவறாக அமைந்த அறிவிப்புகள் அவை. அத்தகையவற்றைத் தடுக்க, முகவரியின் உரிமையை மெய்ப்பிக்கும் சான்றிதழ் முறையும் வடிகட்டலும் தேவை. வடிவச் சோதனையும் உரிமைச் சோதனையும் ஒன்றுக்கொன்று மாற்றாகா.

ஏட்டில் இருந்தால் போதாது

விதி வந்து ஏறத்தாழ எட்டாண்டுகள் ஆகியும் இடர் நீங்கவில்லை. 2023 ஜூன் 2 அன்று பிரேசிலின் சிறிய வலையமைப்பு ஒன்றிலிருந்து புறப்பட்ட சிதைந்த குறிப்பு, பல வலையமைப்புகளைக் கடந்து சென்று, அதனை அறிந்த திசைவிகளின் தொடர்புகளை அறுத்தது. பிழை பொறுக்கும் வசதி சில கருவிகளில் தானாக இயங்குவதில்லை. நிருவாகி அதனை இயக்க வேண்டும் என்பதே காரணம்.

ஆகவே பொதுப்பணத்தில் திசைவிகளை வாங்கும் நிறுவனங்கள், இவ்வசதி இயல்பாகவே இயங்க வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே கோருதல் வேண்டும். சிதைந்த செய்திகளை வேண்டுமென்றே அனுப்பிக் கருவியைச் சோதித்த பின்னரே ஏற்றல் வேண்டும். பொறுத்துக்கொண்ட ஒவ்வொரு பிழையையும் பதிவுசெய்து, அனுப்பியவருக்கு அறிவித்தல் வேண்டும். மறைக்கப்படும் பிழை வளரும். சுட்டப்படும் பிழையே திருந்தும்.

துறைமுகத்தில் ஒரு சரக்குப் பெட்டகத்தின் ஆவணம் தவறாயின் அப்பெட்டகத்தை ஒதுக்கி வைப்பர். அதற்காகக் கப்பலையே திருப்பி அனுப்புவதில்லை. மருத்துவம், வங்கி, கல்வி யாவும் இணையத்தை நம்பியுள்ள இக்காலத்தில் திசைவிகளுக்கும் அந்நிதானம் வேண்டும். அதனை அவற்றுக்குப் பயிற்றுவிப்பது, அவற்றை வடிவமைத்து வாங்கி இயக்கும் மனிதரின் கடமையாகும்.