நியூஸுக்கு நாலு திசையாம்... அடப் போங்கப்பா!

இன்னிக்குக் காலைல வாட்ஸப்ல மறுபடியும் வந்துடுச்சு. நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத், இந்த நாலு திசையில இருந்தும் வர்றதாலதான் 'நியூஸ்'னு பேராம். கீழே ரெண்டு கும்பிடு வேற.

ஃபார்வர்டு மெயில் காலத்துல இருந்தே இதைப் பாத்துட்டு வர்றேன். சிரிச்சுட்டு விட்டுடுவேன். இந்தத் தடவை முடியலை. ஏழாவது படிக்கிற அக்கா பையன், பொது அறிவுப் பரீட்சையில 'நியூ என்ற சொல்லிலிருந்து வந்தது'ன்னு எழுதியிருக்கான். அதைச் சுழிச்சுட்டு, சிவப்பு மையில நாலு திசையையும் எழுதிக் குடுத்திருக்காங்க. சரியா எழுதினவனுக்கு முட்டை!

மக்களே, கொஞ்சம் யோசிங்க. நியூஸ்ங்கறது 'நியூ'வோட பன்மை, அவ்வளவுதான். 'புதுசுகள்'ங்கற அர்த்தத்துல 14-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலயே புழங்கின சொல். முதல் எழுத்துகளைக் கோத்து வார்த்தை பண்றது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுப் பழக்கம். அந்தக் காலத்துல நடுவுல இன்னொரு 'ஈ' போட்டு, என்-ஈ-டபிள்யூ-ஈ-எஸ்னும் எழுதியிருக்காங்க. அப்போ ரெண்டாவது ஈ எந்தத் திசை சாமி? கிழக்கு ரெண்டா? பிரெஞ்சுக்காரன் செய்திக்கு 'நுவெல்'ங்கறான். அதுக்கும் புதுசுன்னுதான் அர்த்தம். அதுல எந்தத் திசையைத் தேடுவீங்க?

எனக்குக் கோபம் என்னன்னா, அந்தத் திசைச் சொற்களுக்குள்ளயே இதைவிட நல்ல கதை இருக்கு. 'ஈஸ்ட்' விடியலைக் குறிக்கிற வேர்ல இருந்து வந்தது. வேதத்து 'உஷஸ்', லத்தீன் 'அரோரா' எல்லாம் அதுக்குப் பங்காளிகள். 'ஓரியண்ட்'னா எழுவது, 'ஆக்ஸிடெண்ட்'னா விழுவது, சூரியனைத்தான் சொல்றாங்க. (விபத்து இல்லைங்க, மேற்கு!) 'ரைட்'டுக்கு மூல அர்த்தம் நேரானது. 'லெஃப்ட்'டுக்குப் பழைய ஆங்கிலத்துல பலவீனம்னு அர்த்தம். லத்தீன்ல இடதுபக்கத்தைக் குறிச்ச 'சினிஸ்டர்' ஆங்கிலத்துக்கு வந்து கெட்டதுன்னு ஆயிடுச்சு. இடதுகைக்காரங்களை மனுஷங்க எப்படி நடத்தினாங்கங்கற சரித்திரமே இந்த மூணு சொல்லுக்குள்ள கிடக்கு. நானும் இடதுகைக்காரன்தான், அதனால கொஞ்சம் உறைக்குது.

இதையெல்லாம் விட்டுட்டு நாலு எழுத்துக்கு நாலு திசையை ஒட்டவெச்சு விளையாடறோம். 'சும்மா சுவாரசியத்துக்குத்தானே'ம்பீங்க. அந்தச் சுவாரசியம்தான் வாத்தியார் கைக்குப் போய், சரியா எழுதின பையனோட பேப்பர்ல சுழியா வந்து நிக்குது.

நம்ம ஆளுங்களும் இதைப் பதிவாப் போட்டிருக்கீங்க, பேர் சொல்லலை. அடுத்த தடவை போடறதுக்கு முன்னாடி அகராதியை ஒருதரம் புரட்டுங்க, புண்ணியமாப் போகும். பையன்கிட்டயும் சொல்லிட்டேன்: "மார்க் போனாப் போகுதுடா, அடுத்த பரீட்சையிலயும் இதையே எழுது."

திட்டணும்னா பின்னூட்டத்துல வாங்க. நாலு திசையில இருந்தும் வரலாம் :-)